படைப்புக்கு வரும் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பங்காளிகளுக்கும், அவரவர் வீட்டு ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

நம் பொது வீட்டில் முன்னோர்களுக்குப் படையலிட்டுக் கும்பிடும் மாசிப் படைப்புக்கான ஏற்பாடுகளை நம் வாட்ஸ்அப் குழுவில் படித்தேன். சமையலுக்குக் காண்டிராக்டர். பரிமாற அவருடைய ஆட்கள். வீட்டைக் கழுவித் துடைக்க வெளியூரிலிருந்து ஒரு கம்பெனி. பாத்திரம் தேய்க்கத் தனி ஆட்கள். நடுவீட்டுக் கோலம் போடக்கூடக் கூலிக்கு ஒருவர். கடைசி வரியில், பிள்ளைகளுக்குப் பொழுது போக மேல்மாடிக் கூடத்தில் வைஃபையும் வீடியோ கேமும் என்று இருந்தது. எல்லோரும் கட்டைவிரல் படம் போட்டு ஒப்புக்கொண்டிருந்தீர்கள். நான் போடவில்லை. ஏன் என்று ஒவ்வொருவராகப் போனில் கேட்கிறீர்கள். தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை. நம் வீட்டில் மட்டும் நடக்கிற காரியமும் இல்லை இது. செட்டிநாட்டில் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று எங்கெல்லாம் பொது வீடு வருடம் முழுக்கப் பூட்டிக் கிடந்து சில நாட்கள் மட்டும் திறக்கிறதோ, அங்கெல்லாம் ஏறக்குறைய இதே பட்டியல்தான். ஆகவே எல்லோரும் படிக்கும்படியே எழுதிவிடுகிறேன்.

என் கோரிக்கை சிறியது. படைப்பு நாட்களில், எட்டு வயதைத் தாண்டிய நம் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும், ஆணோ பெண்ணோ, ஒரு வேலை வேண்டும். போட்டோ எடுத்து அனுப்புவதற்காக ஐந்து நிமிடம் துடைப்பத்தைப் பிடிக்கிற வேலை அல்ல. அவன் செய்யாவிட்டால் பந்தி தாமதமாகும், அவள் எழுதாவிட்டால் தாம்பாளம் காணாமல் போகும் என்கிற வேலை.

இந்த வீட்டை ஐயாக்கள் எப்படிக் கட்டினார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று சாமான்களின் பட்டியலையே ஒப்பிக்கிறோம். சுற்றுலாப் பயணிகளை அழைத்து வரும் வழிகாட்டியும் அதைத்தான் சொல்கிறார். ஆட்கள் எப்படித் தயாரானார்கள் என்ற கதையை இருவருமே விட்டுவிடுகிறோம்.

மீசை முளைக்காத வயதிலேயே முந்திரி, காணி, மாகாணி என்று கீழ்வாய் இலக்கம், அதாவது பின்னக் கணக்கு, மனப்பாடம். தாளைத் தொடாமல் வட்டி கணக்கிடப் பழக வேண்டும். பிறகு ரங்கூனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ ஒரு கடையில் பெட்டியடிப் பையனாகப் போய் உட்கார வேண்டும். கடை என்றால் கண்ணாடி அலமாரி வைத்த கடை இல்லை. நீளமான கூடத்தில் பாயை விரித்து, ஆளுக்கொரு கைப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து நடத்திய வட்டித் தொழில் அது. பையன் கூட்டுவான், பெரியவர்களுக்கு எடுபிடியாக இருப்பான், கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பான், மற்றவர் கணக்கு எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பான். ஒரு நாள் அவன் கையிலும் ஏட்டைக் கொடுப்பார்கள். அங்கிருந்து உதவிக்கு நிற்கும் அடுத்தாள், அப்புறம் கடையை நடத்தும் மேலாள். மேலாளுக்குத் தவணை மூன்று வருடம். கணக்கை முடித்து ஒப்படைத்த பிறகே ஊர் திரும்பலாம். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் இந்தப் படியிலிருந்துதான் ஏறினார்கள். சொந்தக் கடையில் வைத்தால் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிடுவோம் என்று பிறர் கடையில் கொண்டுபோய் விட்ட அப்பச்சிகளும், அதாவது தகப்பன்மார்களும், உண்டு.

வீட்டுக்குள்ளும் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. கல்யாணமான மகனையும் மருமகளையும் அதே கூரையின் கீழ் வேறு வைத்தார்கள். அடுப்பு தனி, கணக்குத் தனி. வருடத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு, இவ்வளவு பணம் என்று அளந்து கொடுத்துவிட்டு மாமியார் ஒதுங்கிக்கொள்வார். பதினாறு பதினேழு வயதுப் பெண் அதை வைத்துக்கொண்டு பன்னிரண்டு மாதம் ஓட்ட வேண்டும். இன்று கல்லூரிக்குப் போகும் பேத்தி, மாதக் கடைசியில் கைச்செலவு தீர்ந்துவிட்டது என்று போன் செய்கிறாள்.

இதையெல்லாம் பொற்காலம் என்று நான் பாடவில்லை. சிறு பையனைக் கப்பலேற்றி மூன்று வருடம் தாயைப் பார்க்காமல் வைப்பதை இன்று யாரும் நியாயப்படுத்த வேண்டாம். பெண்ணுக்கு எத்தனை கணக்குத் தெரிந்தாலும் கைப்பெட்டி கிடைக்கவில்லை. 1930-களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது; கடனைக் கட்ட முடியாமல் அந்த நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் உழைப்பும் இந்தத் தூண்களில் இருக்கிறது. வீட்டின் பின்புறம், மூன்றாங்கட்டில் நெல் குத்தி, தண்ணீர் சுமந்து, சாணம் தட்டியவர்களின் படம் முன்கூடமான பட்டாலைச் சுவரில் ஒன்றுகூட மாட்டப்படவில்லை. பெருமை பேசும்போது இவர்களையும் சேர்த்துப் பேசினால்தான் உழைப்பைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச நமக்கு வாய் இருக்கும்.

இப்போது காண்டிராக்டர் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

சென்ற ஆவணியில் நம் உறவில் ஒரு கல்யாணம். எந்த வீடு, எந்தச் சமையற்காரர் என்பது இங்கே வேண்டாம். இரண்டாம் பந்தி முடிந்ததும் எச்சில் இலைகளை எடுக்க ஒரு பையன் பிளாஸ்டிக் கூடையோடு வந்தான். பன்னிரண்டு வயதுக்கு மேல் மதிக்க முடியாது. அவன் இலையை மடித்து எடுத்த இடத்தில், அதே வயதில் நம் பையன் ஒருவன் இன்னும் எழுந்திருக்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கையை உயர்த்திக்கொள்ள, இவன் அடியிலிருந்து இலையை இழுத்தான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிறகு கைகழுவும் இடத்தில் கேட்டேன். ஏழாம் வகுப்பு படிக்கிறானாம். காண்டிராக்டரைக் கேட்டால், "லீவு நாள்தானே ஆச்சி, சும்மா இருக்கிற பையன், சொந்தக்காரப் பிள்ளை" என்றார்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-இல் திருத்தினார்கள். பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது. பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ, ஆபத்தில்லாத வேலையில், தன் குடும்பத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ உதவலாம் என்பது அதில் உள்ள விலக்கு. குடும்பம் என்றால் யார் என்றும் சட்டமே சொல்லியிருக்கிறது: தாய், தந்தை, உடன்பிறந்தோர், தாய் தந்தையரோடு பிறந்தவர்கள். ஊரில் எல்லோரையும் மாமா என்று கூப்பிடுகிற நமக்குச் சட்டத்தின் சொந்தக்காரப் பட்டியல் சின்னதாகத் தெரியலாம். அந்தச் சின்னப் பட்டியலுக்குள்ளும் பள்ளி நேரத்தைத் தின்னாமல், அபாயமில்லாமல் என்ற வேலி இருக்கிறது.

ஆக, சட்டம் அனுமதிக்கிற பிள்ளை நம் பிள்ளை. தன் வீட்டுப் படைப்பில் தன் குடும்பத்துக்கு உதவுகிறவன். அவனை மேல்மாடியில் உட்கார வைத்துவிட்டு, சட்டம் தடுக்கிற பிள்ளையைக் கூடையோடு நடுமுற்றமான வளவுக்குள் விட்டிருக்கிறோம்.

இதை ஒரு பங்காளியிடம் போனில் சொன்னபோது, "அதற்காக நம் பிள்ளை எச்சில் இலை எடுப்பதா?" என்றார். யார் எச்சில்? தான் சாப்பிட்ட இலையைத் தானே எடுத்துக் கொண்டுபோய்த் தொட்டியில் போடுவதில் என்ன குறைந்துபோகிறது? படைப்புப் பந்திகளில் பெரியவர்களும் இதையே செய்யலாம் என்பது என் எண்ணம்; முழங்கால் வலி உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. நம்மிடம் வேலைக்கு வருகிற பெரியவர்களுக்கு நல்ல கூலி கொடுப்போம். அவர்கள் பிழைப்பைப் பறிக்கச் சொல்லவில்லை.

பாத்திரக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். நான் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் இதில் எனக்கு ஆசை அதிகம்.

இரண்டாங்கட்டில் சாமான் அறை இருக்கிறது. உங்களில் பாதிப் பேர் அதைத் திறந்து பார்த்தே பல காலம் இருக்கும். அண்டா, கிடாரம், தவலை, உருளி, தாம்பாளம், தூக்குச்சட்டி, எனாமல் அடுக்கு, வெண்கலக் கும்பா. ஒவ்வொன்றிலும் நம் விலாசம், அதாவது குடும்பப் பெயரின் எழுத்துகள், வெட்டியிருக்கிறது. படைப்பன்று காலையில் எல்லாம் வெளியே போகும். மூன்றாம் நாள் உள்ளே வரும்போது சில குறையும். யாரும் திருடியிருக்க மாட்டார்கள். பலகாரம் போட்டுக் கொடுத்த தூக்குச்சட்டி காரிலேறிச் சென்னைக்குப் போயிருக்கும். "நான் பார்த்தேனே", "அவர் எடுத்தாரே" என்ற பேச்சோடு கதவைப் பூட்டுவோம்.

இந்தச் சாமான் அறையை இந்த முறை பத்திலிருந்து பதினான்கு வயதுக்குள் இருக்கும் நால்வரிடம் ஒப்படையுங்கள். படைப்புக்கு முதல் நாள் அவர்களே எண்ணி நோட்டில் எழுதட்டும். பாத்திரத்தின் பெயர், எத்தனை, யார் வாங்கியது, எப்போது திரும்பியது. வாங்குகிறவர் கையெழுத்துப் போட வேண்டும். சமையற்காரரானாலும் சரி, குடும்பத்தில் மூத்தவரானாலும் சரி. கடைசி நாள் மாலை, எல்லோரும் வளவில் கூடியிருக்கும்போது, போனது இவ்வளவு, வந்தது இவ்வளவு, நிலுவை இன்னார் பெயரில் என்று அந்த நால்வரும் உரக்கப் படிக்கட்டும். ஐந்தொகை என்ற இருப்புநிலைக் கணக்குப் பார்த்த குடும்பம் நாம். பித்தளைக்கும் ஒரு ஐந்தொகை இருக்கட்டும்.

இதில் சிரமம் பிள்ளைகளால் வராது. நம்மால்தான் வரும். பன்னிரண்டு வயதுப் பெண் வந்து, "சித்தப்பா, நீங்கள் வாங்கிய தூக்கு இன்னும் வரவில்லை" என்று கேட்கும்போது, "போடி, பெரிய மனுஷி" என்று ஒருவர் சிரித்தால் அன்றோடு நோட்டு மூலைக்குப் போய்விடும். நோட்டை அவளிடம் கொடுத்துவிட்டு, தப்பாக எழுதுகிறாளே என்று பின்னால் நின்று நாமே எழுதினாலும் கதை அதுதான். கூட்டல் தப்பினால் தப்பட்டும். கணக்கு நேராகாது, திரும்ப எண்ணுவார்கள். இதற்கு முன் அவர்களுக்குத் தப்பாகிப்போன கணக்கெல்லாம் மதிப்பெண்ணைத்தான் குறைத்திருக்கிறது. இது ஒரு அண்டாவைக் குறைக்கும். அபாகஸ் வகுப்புக்கு மாதாமாதம் கட்டணம் கட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

தரையைப் பற்றியும் ஒரு சொல். துடைக்க வருகிற கம்பெனி ஆசிட் கலந்த திரவம் கொண்டுவரும் என்று கேள்விப்பட்டேன். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட ஓடு அல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணத்தை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு, வெயிலில் வைத்து, தண்ணீரில் ஊறப் போட்டு எடுத்தது. சிமெண்டின் மேல் ஆசிட் பட்டால் மேல் பூச்சை அரித்துவிடும். அதற்குத் தேவை நல்ல தண்ணீர், பழைய வேட்டித் துணி, பளபளப்புக்கு இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய், அடிக்கடி துடைக்கும் கை. ஆத்தங்குடிக் கல்லுக்குத் துடைக்கத் துடைக்க மெருகு ஏறும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது: தான் செய்தது அன்றைக்கே கண்ணுக்குத் தெரியும். கம்பெனிக்குக் கொடுக்க இருந்த பணத்தில் கொல்லைக் கதவைப் பழுது பார்க்கலாம்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலை போடுவது, நுனி சாப்பிடுகிறவரின் இடப்பக்கம் வர வேண்டும் என்பது நம் பட்டதாரிகள் சிலருக்கே தெரியவில்லை. தண்ணீர் ஊற்றுவது, உப்பு வைப்பது, குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவது, பூக் கட்டுவது, கிழவர் கிழவிகளைப் பந்திக்குக் கைப்பிடித்து அழைத்து வருவது. கோலத்துக்குக் கூலி ஆள் வேண்டவே வேண்டாம். மாவை நான் அரைத்துத் தருகிறேன். கோடு கோணினாலும் முன்னோர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோட்டை அடுப்பு, கொதிக்கிற கிடாரம், கிணற்றுப் பக்கம், ஓட்டுக் கூரை ஆகியவற்றின் அருகே சின்னவர்கள் யாரும் போகக் கூடாது. அது பெரியவர்கள் பாடு.

யாருக்கு எந்த வேலை என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவோம். இல்லாவிட்டால் நடப்பது எனக்குத் தெரியும்: பெண் பிள்ளைகள் அடுப்படிக்கும், ஆண் பிள்ளைகள் முகப்புக்கும் தானாகப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். சீட்டில் வந்தால் பையன் உருளியைத் தேய்க்கட்டும், பெண் காய்கறிக் கடைக்காரரிடம் பணத்தை எண்ணிக் கொடுத்து மீதியை வாங்கி வரட்டும்.

வேலைக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் பிள்ளைகள் ஓடி ஓடிச் செய்வார்கள் என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். வேண்டாம். ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டொமசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் 2008-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இருபது மாதக் குழந்தைகளுக்கு எதிரே ஒருவர் பொருளைக் கீழே தவறவிடுவார்; குழந்தைகள் எடுத்துக் கொடுக்கும். உதவியதற்குப் பரிசுப் பொருள் பெற்ற குழந்தைகள், பரிசை நிறுத்தியதும் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவின. நம் வீட்டிலேயே பார்த்திருக்கிறோம். இரண்டு வயதில் துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு நானும் கூட்டுகிறேன் என்று அடம் பிடிக்கிறது. "குறுக்கே வராதே, போய் விளையாடு" என்று விரட்டுகிறோம். பன்னிரண்டு வயதில் ஒரு டம்ளரை நகர்த்தவில்லையே என்று புலம்புகிறோம்.

குழுவில் அடிக்கடி வருகிற இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன்: வீட்டு வேலை செய்த பிள்ளைகளே வாழ்க்கையில் கோடீஸ்வரர் ஆகிறார்கள் என்று ஹார்வர்ட் கண்டுபிடித்ததாம். மூலம் அப்படியில்லை. ஜார்ஜ் வைலண்ட் என்பவர் 1981-இல் வெளியிட்ட கட்டுரை அது. பாஸ்டன் நகரத்தின் வசதி குறைந்த பகுதிகளில் வளர்ந்த 456 பையன்களை நடுவயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். சிறுவயதில் வீட்டு வேலை, பகுதிநேர வேலை, படிப்பில் முயற்சி என்று எல்லாவற்றையும் சேர்த்து உழைக்கப் பழகியவர்கள், பெரியவர்களானபின் மன நலத்திலும் மனித உறவுகளிலும் மேலாக இருந்தார்கள். கோடி எதுவும் அங்கே இல்லை. பாத்திரம் தேய்த்தால் பணக்காரன் ஆவாய் என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். பாத்திரம் தேய்த்தால் பாத்திரம் சுத்தமாகும். அதைச் சொன்னால் போதும்.

பொதுத்தேர்வு நெருங்குகிற நேரம், படிக்கிற பிள்ளை என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். தேர்வு எழுதுகிறவர்கள் வராமல் வீட்டிலிருந்து படிக்கட்டும், சாமி கோபிக்காது. ஊருக்கு வந்து மேல்மாடியில் விளையாட நேரம் உள்ளவர்களுக்கு இலை போடவும் நேரம் இருக்கும். வைஃபையை நான் நிறுத்தச் சொல்லவில்லை. இராப்பந்தி முடிந்து அன்றைய பாத்திரக் கணக்கு நேரான பிறகு போட்டுக்கொள்ளட்டும்.

முகப்பில் சீட்டுக்கட்டோடு உட்காருகிற அப்பச்சிகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் நாற்காலியிலிருந்து காபி கேட்டுக் குரல் கொடுத்தபடி, மகனை எழுந்துபோய் வேலை செய் என்றால் அவன் செய்ய மாட்டான், செய்யவும் கூடாது. உங்கள் பெயரும் குலுக்கலில் உண்டு.

தை முடிவதற்குள் பிள்ளைகளின் பெயரையும் வயதையும் எனக்கு அனுப்புங்கள். தமிழ் எழுதத் தெரியாத பிள்ளைகள் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். பாத்திரக் கணக்கில் எழுதத் தெரிந்தவரோடு அவர்களைச் சோடி சேர்த்துவிடுகிறேன். துடைக்கும் கம்பெனியையும் கோலத்துக்குப் பேசிய ஆளையும் இந்த வாரமே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கோலத்துக்குப் பேசியவர் உள்ளூர்க்காரர். அவருக்குப் பேசிய தொகையைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வரச் சொல்லுங்கள். சமையல் காண்டிராக்டருக்கு முன்பணம் கொடுக்கும் பொறுப்பு யாரிடம் இருக்கிறதோ, அவர் பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளை ஒன்றுகூட வேலைக்கு வரக் கூடாது என்ற நிபந்தனையை எழுத்தில் சேர்த்து, கையெழுத்து வாங்கிய பின்பே பணத்தைக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
பொது வீட்டுச் சாவியை வைத்திருக்கும் உங்கள் ஆச்சி